வாளும் ரேகையும்

ஒரு வீட்டைப் பிரித்து, தூணுக்கும் உத்தரத்துக்கும் அடையாளம் வைத்து, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் வேறொரு மண்ணில் மறுபடி நிறுத்த முடியும். சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவில் அப்படி நிற்கும் வீடுகளுக்குள் ஒரு பகல் முழுக்க நடந்தேன்.

செட்டிநாட்டு வணிகர் வீடு. திருநெல்வேலிப் பக்கத்து அக்ரகார வீடு. காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு. கோட்டயம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீடு. அவை எல்லாம் சொந்த ஊரில் இடிபட இருந்தவை. 1984-ல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் அவற்றைத் தேடி வாங்கி, ஊர்த் தச்சர்களையும் கொத்தனார்களையும் வைத்து எழுப்பி, 1996 டிசம்பரில் திறந்தது. இடத்தின் அமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை இருக்கிறது. பத்து ஏக்கர்தான். ஆனால் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும்போது ஊர் விட்டு ஊர் போகிற நடை வந்துவிடுகிறது.

நெசவாளர் வீட்டு வாசற்படியில் நடுவில் ஒரு குழிவு. எத்தனையோ கால்கள் தேய்த்த குழிவு. அந்தக் கால்களில் ஒன்றுகூட முட்டுக்காட்டுக்கு வந்ததில்லை. நான் வெகுநேரம் அந்தப் படியில் காலை வைக்காமல் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

*

குயவர் ஒருவர் சக்கரத்தில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஒரு சிறுமியின் விரல்களைத் தன் விரல்களுக்குள் வைத்து மண்ணை மேலே இழுத்தார். அகல்விளக்கு அளவுக்கு ஒன்று வந்தது. பிறகு அடுத்த பிள்ளை.

அவர் குயவராக நடிக்கவில்லை, குயவர். வீட்டை இடம் மாற்றிவிடலாம். வேலையை அப்படி மாற்ற முடியாது. அதைத் தெரிந்த ஓர் ஆள் காலையில் எழுந்து, பஸ் பிடித்து வந்து, மண்ணை மிதித்து ஆரம்பித்தால்தான் உண்டு. ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹஸேலியுஸ் 1891-ல் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். உலகம் முழுவதும் இந்த மாதிரி இடங்களுக்கு அதுதான் முன்மாதிரி. பண்ணை வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தியதோடு அவர் விடவில்லை. அதற்குள் ஆட்களையும் விலங்குகளையும் வைத்தார். ஆள் இல்லாத வீடு எவ்வளவு அழகானாலும் பொருள்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தட்சிணசித்ராவில் வணிகருக்கு வீடு இருக்கிறது. புரோகிதருக்கு, உழவருக்கு, நெசவாளருக்கு, குயவருக்கு இருக்கிறது. ஆயுதம் ஏந்தியவனின் வீடு என்று ஒன்றை நான் பார்க்கவில்லை. அய்யனார் கோயிலில் மண்குதிரைகள் நின்றன. அவ்வளவுதான். குறை சொல்ல இதை எழுதவில்லை. அவன் வீடு எங்கே போயிற்று என்ற கேள்வி தேனிப் பக்கம் என் ஊரான பழனிசெட்டிபட்டிக்குத் திரும்பி வந்த பிறகும் கூடவே இருந்தது.

*

தங்கச்சி மகன் ஜப்பானில் வேலை செய்கிறான். அவன் அங்கே போய் வந்த ஓர் இடத்தைப் படம் பிடித்து அனுப்பினான். டோச்சிகி மாநிலத்து மலையடிவாரத்தில் இருக்கும் நிக்கோ எடோமுரா. 1986-ல் திறந்தது. எடோ காலத்து ஊர் ஒன்றை அப்படியே புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். கடைத்தெரு, தீயணைப்புக் கோபுரம், சாமுராய் வீடு, நிஞ்சா வீடு. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அந்தக் கால உடை, அந்தக் காலக் கொண்டை. வருகிறவர்களும் வாடகைக்கு உடை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இவனும் போட்டிருந்தான். இடுப்பில் இரண்டு வாள்.

"மாமா, நம்மூர்ல ஏன் இப்படி ஒண்ணு இல்ல?" என்று கேட்டான்.

படத்தை மறுபடி பார்த்தேன். தெரு சுத்தமாக இருந்தது. சாமுராய் வேடம் போட்டவர் வாளை உருவும்போது குழந்தைகள் கைதட்டினார்கள். அவருடைய முகத்தில் ஒரு கவனம். வாளை உறையில் திருப்பிப் போடும்போது அதைவிடக் கவனம். அந்த இரண்டாவது கவனம் எனக்குப் பிடித்தது.

*

எடோ காலம் 1603 முதல் 1868 வரை. அதில் பெரும்பகுதி போரே இல்லாத காலம். சாமுராய் இரண்டு வாளைச் சொருகிக்கொண்டு காலையில் எழுந்து போனது பெரும்பாலும் கணக்கு எழுத. நில வரி, நெல் இருப்பு, சாலைப் பராமரிப்பு, வழக்கு விசாரணை. அவனுக்குச் சம்பளம் அரிசியில். அளவு 'கொக்கு'. ஒரு கொக்கு ஏறக்குறைய 180 லிட்டர். ஓர் ஆள் ஓராண்டு சாப்பிடும் அரிசி என்று வைத்திருந்தார்கள். கீழ்நிலைச் சாமுராய்களுக்கு அந்த வருமானம் போதாமல் வீட்டில் குடை ஒட்டி விற்றவர்களும் உண்டு. ஒருமுறைகூட வாளைச் சண்டைக்கு உருவாமலே கிழவனாகிச் செத்துப்போன சாமுராய்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள்.

எடோமுரா பூங்காவில் வாள் ஒரு நாளில் பலமுறை உருவப்படுகிறது.

எனக்கு அந்தக் குடை ஒட்டுகிற சாமுராயைப் பார்க்க ஆசை. விளக்கடியில் மூங்கில் குச்சிகளோடு உட்கார்ந்திருப்பான். வாள்கள் பக்கத்தில் தாங்கியில் இருக்கும். இடுப்பில் வாள் இருந்தும் அதை எடுக்காமல் வாழ்ந்த இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஒரு பயிற்சி வேண்டியிருந்திருக்கும். அதை எப்படிக் காட்சியாக்குவது?

1876-ல், எடோ காலத்துக்குப் பின் வந்த மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. அதே ஆண்டு அரிசிச் சம்பளத்தையும் கடன் பத்திரமாக மாற்றிக் கணக்கை முடித்தது. அடுத்த ஆண்டு சாய்கோ தகாமோரியின் தலைமையில் சத்சுமாவில் கிளர்ந்தவர்கள் தோற்றார்கள். மற்றவர்கள் போலீசானார்கள், ஆசிரியரானார்கள், சிறு அதிகாரிகளானார்கள். வாளை வாங்கிக்கொண்ட அரசு அவர்களில் பலருக்கு ஒரு மேசையைக் கொடுத்தது.

*

1878: இந்திய ஆயுதச் சட்டம். இரண்டே ஆண்டு வித்தியாசம். எங்கள் பக்கத்தில் கதை அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும். ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் தூக்கில் தொங்கி அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் படை அதிகாரி தன் நினைவுக் குறிப்புகளில் ஒன்றைச் சொல்கிறார். 1795 வாக்கில் சின்ன மருதுதான் அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தார். 1801-ல் அதே வெல்ஷ் மருதுவுக்கு எதிரான படையில் இருந்தார். கற்றுக்கொடுத்தவருக்கு நேர்ந்த முடிவைப் பற்றி வெல்ஷ் வருத்தத்தோடுதான் எழுதுகிறார். வருத்தம் இருந்தது. வேலையும் நடந்தது.

வளரியை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். பிறை போல வளைந்து, ஒரு நுனி கனத்து, மறு நுனி கைப்பிடியாக மெலிந்து. மரத்திலும் இரும்பிலும் செய்வார்கள். ஜப்பானில் 1588-ல் ஆட்சியாளர் ஹிதேயோஷி குடியானவர்களிடமிருந்து வாளைப் பிடுங்கி அதைப் படைவீரனின் உரிமையாக ஆக்கினார். இங்கே வளரி அப்படி ஒரு வகுப்புக்குள் அடங்கியதல்ல. வேட்டைக்குப் போகிறவன் கையிலும் காடு காக்கிறவன் கையிலும் இருந்தது. அதனால்தானோ என்னவோ, அதை வாங்கிக்கொண்டபோது எவருக்கும் ஈடு தர வேண்டியிருக்கவில்லை.

*

ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக்கரை ஊர் புலிமான்கோம்பை. 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் க.ராஜனும் மாணவர்களும் அங்கே தமிழ் பிராமி எழுத்து பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டார்கள். இந்தியாவில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மூத்தவை.

அதில் ஒரு கல் சொல்வது இவ்வளவுதான்: இது பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்கான கல், கூடலூர் ஆநிரை கவரும் பூசலில் இறந்தான். கம்பத்துக்கு அப்பால் இருக்கும் நம் கூடலூர்தான் அது என்று சொல்வோர் உண்டு. குமுளி பஸ் நின்று போகிற அதே ஊர்.

அவன் மாட்டைக் கவரப் போனவனா, மீட்கப் போனவனா என்று அந்த வரி தெளிவாகச் சொல்லவில்லை. கல் நட்டவர்களுக்கு அது தெரிந்தே இருந்திருக்கும். எழுதி வைக்கத் தேவைப்படவில்லை. செத்துப்போன ஒரு மனிதனின் பெயர், ஊர், செத்த காரணம் மூன்றும் இருக்கின்றன. உருவம் செதுக்கவில்லை. வாளில்லை, குதிரையில்லை. வீரனைப் பற்றி இவ்வளவு குறைவாகச் சொல்லி இவ்வளவு காலம் நின்ற ஒன்றை நான் வேறெங்கும் அறிந்ததில்லை.

*

காவல்.

குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' 1954-ல் வந்த படம். கொள்ளைக்காரர்களிடமிருந்து விளைச்சலைக் காப்பாற்ற ஓர் ஊர் சோற்றைக் கூலியாகச் சொல்லி வீரர்களை அழைக்கிறது. முதல்முறை பார்த்தபோதே அது எனக்கு அந்நியமாகப் படவில்லை. மதுரையிலிருந்து கம்பம் வரைக்கும் ஊர்க் காவல் அப்படித்தான் நடந்தது. களத்தில் நெல் தூற்றும்போது காவலுக்கு என்று ஒரு பங்கு. மாடு திருட்டுப் போனால் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியது காவல்காரர் பொறுப்பு. கண்டுபிடித்தால் துப்புக்கூலி.

அது எல்லா இடத்திலும் நல்ல ஏற்பாடாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். காவலுக்கு ஒப்பாத ஊரில் மாடு காணாமல் போவதும், துப்புக்கூலி வாங்குகிறவருக்கே மாடு இருக்கும் இடம் தெரிந்திருப்பதும் நடந்தது. 1896-ல் குடியானவர்கள் பணம் திரட்டித் தங்கள் காவலைத் தாங்களே வைத்துக்கொண்டு கள்ளர் காவலைத் தள்ளினார்கள். பண்டுக் கலகம். திண்டுக்கல் பக்கம் தொடங்கி ஊர் ஊராகப் பரவியது. வீடுகள் எரிந்தன. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி ஆய்வு செய்து 2009-ல் நூல் வெளியிட்ட மானுடவியலாளர் ஆனந்த் பாண்டியன் இதை இரண்டு பக்க வலியும் தெரிய எழுதியிருக்கிறார்.

குரோசாவா படத்தின் முடிவிலும் ஊர் நாற்று நடப் போய்விடுகிறது. மிஞ்சிய காவல்காரர்களுக்கு அங்கே வேலை இல்லை.

*

ஜப்பானில் மேசை கொடுத்தார்கள். இங்கே ரேகை வாங்கினார்கள்.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வடக்கே பிறந்தது. 1911-ல் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எங்கள் பக்கத்தில் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். பிரமலைக் கள்ளர் வீட்டு ஆண்மகன் குற்றம் செய்தானா இல்லையா என்ற பேச்சே கிடையாது. பிறந்ததே போதும். போய் விரல் ரேகையைப் பதிய வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு. இரவில் போலீஸ் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். கல்யாணத்தன்று ராத்திரியும் மாப்பிள்ளை பாயைச் சுருட்டிக்கொண்டு போனதாக இந்தப் பக்கத்துக் கிழவிகள் சொல்வார்கள்.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் பெருங்காமநல்லூர். ரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணோடு சேர்த்து 16 பேர் செத்தார்கள். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் போனது. நாடு முழுவதும் போக 1952 ஆயிற்று.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். காலையில் முல்லையாற்றுத் தடுப்பணை வரை நடந்து போய் வருவார். சிலநாள் நானும் சேர்ந்துகொள்வேன். ஒருநாள் ஜப்பான் படத்தைக் காட்டினேன். செல்போனைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"கத்தியை நல்லா வச்சிருக்காக" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "எங்கய்யா பொழுது சாய்ஞ்சா டேசனுக்குப் போயிருவாக தம்பி. நான் கைப்பிள்ளை, எனக்கு நினைப்பில்ல. ஆத்தா சொல்லும். விடியக்காலம் வந்ததும் நேரா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவாகளாம். வீட்டுக்குள்ள வரமாட்டாகளாம்" என்றார்.

ஏன் வீட்டுக்குள் வரமாட்டார் என்று நான் கேட்கவில்லை. மாட்டுக்கு முகம் காட்டுவது அந்த நேரத்தில் மனிதர்களுக்கு முகம் காட்டுவதைவிட எளிதாக இருந்திருக்கும்.

*

காவல்காரனின் மக்களுக்கு அரசு பிறகு பள்ளிக்கூடம் கட்டியது. கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்ற பலகையைத் தேனி மாவட்டத்து ஊர்களில் இன்றும் பார்க்கலாம். அதில் படித்து ஆசிரியரானவர்கள், ராணுவத்துக்குப் போனவர்கள், போலீசானவர்கள் ஏராளம். அந்தப் பலகைக்குக் கீழே புத்தகப்பையோடு போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, 'சீரமைப்பு' என்று எழுதிய கை எவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறது என்று தோன்றும்.

*

சாயங்காலங்களில் பிள்ளைகள் சிலம்பம் பழகுகிறார்கள். முதலில் மண்ணைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். பிறகு கம்பு சுழலும் சத்தம். பெண் பிள்ளைகள்தான் இப்போது அதிகம். எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் என்று பார்த்தால் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இது எனக்குப் பெரிய ஆறுதல். ஒரு சாதியின் நினைவாக மட்டும் இருந்தால் கம்பு சீக்கிரமே வேறு எதற்கோ ஓங்கப்பட்டுவிடும். இந்தப் பள்ளத்தாக்கு அதையும் பார்த்திருக்கிறது.

வாத்தியார் அடியைவிட நிறுத்தத்தைத்தான் அதிகம் சொல்லிக் கொடுக்கிறார். எதிராளியின் தலைக்கு மேலே விரற்கடை தூரத்தில் கம்பு நிற்க வேண்டும். வேகமாக வந்த கம்பு அப்படி நிற்கும்போது அந்தச் சிறுமியின் தோள்பட்டை நடுங்குகிறது. எடோமுரா ஆள் வாளை உறையில் போட்டபோது பார்த்த கவனம் இதுதான்.

கோயிலில் கருப்பசாமி அரிவாளோடு நிற்கிறார். கொடையன்று சாமியாடி அரிவாள் எடுக்கும்போது யாரும் கைதட்டுவதில்லை. தண்ணீர் வருமா, மகளுக்கு வரன் அமையுமா, காணாமல் போன பையன் எங்கே என்று கேட்கிறார்கள். சாமி பதில் சொல்லியாக வேண்டும். பூங்காவில் வீரனை நாம் பார்க்கிறோம். இங்கே அவனிடம் காவல் கேட்கிறோம். காவல் கேட்கும் இடத்தில் டிக்கெட் வைக்க முடியாது.

*

தங்கச்சி மகனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

நம் ஊரில் அப்படி ஒன்று வேண்டாம் என்று எனக்குத் தோன்றவில்லை. வேண்டும். தட்சிணசித்ராவில் குயவருக்கு ஒரு வீடு இருப்பதுபோல இந்தப் பள்ளத்தாக்கில் காவல்காரனுக்கும் ஒரு வீடு நிற்கலாம். வளரியும் ஈட்டியும் சுவரில் இருக்கட்டும், கருக்கலில் காட்டுக்குப் போய் வந்த செருப்பு வாசலில் இருக்கட்டும். பக்கத்தில் களம் இருக்க வேண்டும், காவல் பங்கை அளந்து கொடுத்த குடியானவர் வீடும் இருக்க வேண்டும், பண்டுக் கலகத்தில் இரு தரப்பிலும் எரிந்ததைச் சொல்ல ஆள் வேண்டும். அதற்கு அடுத்து போலீஸ் ஸ்டேஷன். அதன் தாழ்வாரத்தில் வரிசையாகப் பாய். மேசைமேல் ரேகைப் பதிவேடு. வாளைக் காட்டிவிட்டுப் பதிவேட்டை மறைத்தால் அது பொய். பதிவேட்டை மட்டும் காட்டி வாளை மறைத்தால் அதுவும் பொய்தான்; கெஞ்சிப் பிழைத்த கூட்டம் என்று பிள்ளைகள் நினைத்துவிடும்.

வருகிறவர்களுக்கு வாடகை உடை கொடுத்தால், வாள்காரன் உடைக்கு வரிசை நிற்கும். பாயைச் சுருட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் போய்ப் படுக்க யார் வருவார்கள் என்று தெரியவில்லை. வந்தால், ஒரு ராத்திரி படுக்கட்டும். விடியும்வரை எழுந்து போகக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அப்படி ஒரு புத்தகத்தை எல்லாரும் பார்க்க வைப்பது சரியா, அவருடைய அய்யாவின் பெயரும் அதில் இருக்கும் அல்லவா என்று கேட்டேன்.

தடுப்பணைத் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். "வைக்கட்டும். வச்சா என்ன? எல்லாரும் பார்க்கட்டும்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆனா பக்கத்துல யாராவது நின்னு, இந்த ஆளு என்ன தப்புப் பண்ணுனாருன்னு வர்றவன் கேட்டா, ஒண்ணும் பண்ணலன்னு வாயால சொல்லணும். எழுதி ஒட்டுனா எவனும் படிக்க மாட்டான்" என்றார்.

அந்த வேலைக்குச் சம்பளம் உண்டா என்றும் கேட்டார். உண்டு என்றேன். தன் பேத்திக்குச் சொல்வதாகச் சொன்னார்.